வேலி தாண்டும் ரேஸ்: மச்சான் கடையில் வருஷா வருஷம் கேட்கிற கேள்விகள்

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை, மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் என் மச்சான் கடையில் பெஞ்சு நிரம்பிவிடும். இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் ரேஸ் அன்றைக்கு. நான் 26 வருஷம் போர்ட் லூயிஸ் பக்கம் ஒரு குதிரை லாயத்தில் வேலை பார்த்தவன். அதனால் எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வரும். என் மகள் லிவர்பூலில் நர்சாக இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது, அந்த ரேஸ் நடக்கும் ஐன்ட்ரீ மைதானத்தைச் சுற்றிக் காட்டும் ஏற்பாட்டில் சேர்ந்து ஒவ்வொரு வேலியாக நடந்தும் பார்த்தேன். ஒரே பதிலை எத்தனை முறை சொல்வது? எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

நம்ம ஷான் தெ மார்ஸ்ல குதிரை ஏன் எதையும் தாண்டுறதில்ல?

போர்ட் லூயிஸில் நம் ஷான் தெ மார்ஸ் மைதானத்தில் நடப்பது சமதள ரேஸ். 1812-ல் கர்னல் எட்வர்ட் டிரேப்பர் ஆரம்பித்து வைத்த நாளிலிருந்து வேகம்தான் இங்கே கணக்கு. மைதானத்தின் சுற்றளவே சுமார் 1,300 மீட்டர்தான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஊர். நம் மெய்டன் கப் 2,400 மீட்டர், அதற்கே கிட்டத்தட்ட இரண்டு சுற்று வருகிறது. கிராண்ட் நேஷனல் ஏறக்குறைய 6,900 மீட்டர். இங்கே அதை ஓட்டினால் குதிரைக்குத் தலை சுற்றிவிடும், பார்க்கிற நமக்கும்தான்.

குதிரையும் வேறு வகை. நம் லாயங்களுக்குத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வருகிறவை பெரும்பாலும் சமதள ஓட்டத்துக்கென்றே வளர்த்தவை. தாண்டும் குதிரைக்கு வயசும் நிதானமும் வேண்டும். கிராண்ட் நேஷனலில் ஏழு வயசுக்குக் குறைந்த குதிரையைச் சேர்ப்பதே இல்லை. நம் ஊரில் ஏழு வயசுக் குதிரையைப் பார்த்தால் "பெரியவர்" என்போம்.

ஸ்டீபிள்சேஸ்னு சொல்றாங்களே, அது என்ன பேரு?

ஸ்டீபிள் என்றால் மாதா கோயிலின் கூர்க் கோபுரம். 1752-ல் அயர்லாந்தில், கார்க் பகுதியில், இரண்டு பேர் பந்தயம் கட்டிக்கொண்டு பட்டவாண்ட் கோயிலிலிருந்து டோனரெயில் கோயில் வரை குதிரை ஓட்டினார்கள் என்பது கதை. கோபுரம்தான் அடையாளம். நடுவில் வரப்பு, கல்சுவர், ஓடை எது வந்தாலும் தாண்டிப் போக வேண்டும். அந்த வயல்வெளியைத்தான் பிறகு மைதானத்துக்குள் கொண்டுவந்தார்கள். 1839 கிராண்ட் நேஷனலில்கூட உண்மையான கல்சுவர் ஒன்று இருந்தது.

ஹர்டிலும் வேலியும் ஒண்ணுதானே?

இல்லை. ஹர்டில் என்பது தட்டி மாதிரி, குறைந்தது 1.07 மீட்டர். காலால் இடித்தால் சாயும். வேலி குறைந்தது 1.37 மீட்டர், இடித்தால் சாயாது. இந்த வித்தியாசம் குதிரையின் குணத்தையே மாற்றிவிடும். ஹர்டிலை ஓட்டத்தோடு ஓட்டமாகத் தட்டிவிட்டுப் போகலாம். வேலிக்கு முன் கொஞ்சம் நிதானித்து, முதுகை வளைத்து, எழும்பியாக வேண்டும்.

வேலியை எதுல செய்றாங்க? செங்கல்லா?

சாதாரணமாக பிர்ச் மரத்தின் மெல்லிய குச்சிகளை நெருக்கமாகக் கட்டி நிறுத்துவார்கள், நம் தென்னந்துடைப்பத்தை ஆயிரக்கணக்கில் சேர்த்துக் கட்டி நட்டுவைத்த மாதிரி. ஐன்ட்ரீயில் மட்டும் மேலே ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பச்சைக் கிளைகளைச் சொருகி மூடுவார்கள். டிவியில் அது பச்சைப் புதராகத் தெரிவது அதனால்தான்.

உள்ளே இருப்பதுதான் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் நடுவில் கெட்டியான மரச்சட்டம் இருந்தது. 2012-13 வாக்கில் அதை எடுத்துவிட்டு வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் குச்சிகளை வைத்தார்கள். நான் கையை ஸ்ப்ரூஸுக்குள் விட்டுப் பார்த்தேன். முதலில் ஊசி இலை குத்தியது, முழங்கை வரை போனதும் துடைப்பக்குச்சி போல ஏதோ தட்டுப்பட்டது. அழுத்தினேன், வளைந்தது. பழைய சட்டமாக இருந்தால் என் கைதான் வளைந்திருக்கும். அன்று ராத்திரி சாப்பிடும்போதும் கையில் ஊசியிலை மணம் போகவில்லை.

பதினாறு வேலிங்கறாங்க, முப்பதுங்கறாங்க. எது சரி?

இரண்டும் சரி. வேலிகள் 16. இரண்டு சுற்றில் 14 வேலிகளை இரண்டு தடவை தாண்ட வேண்டும், அது 28. 'சேர்' என்ற வேலியும் தண்ணீர்த் தடையும் முதல் சுற்றில் மட்டும். ஆக 30.

எல்லாத்துலயும் பெரிசு எது மாமா?

சேர். அந்தக் காலத்தில் ரேஸ் நடுவர் ஒருவர் அந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாராம், பெயர் அப்படி வந்தது. உயரம் 5 அடி 2 அங்குலம், அதாவது 1.57 மீட்டர். அதற்கு முன்னால் ஆறடி அகலப் பள்ளம். நான் அந்தப் பள்ளத்தில் இறங்கி நின்றபோது வேலியின் உச்சி என் தலைக்கு மேலே போனது, மறுபக்கம் எதுவும் தெரியவில்லை. இதில் இன்னொரு சூட்சுமம்: இறங்கும் பக்கம் தரை ஆறு அங்குலம் *உயர்ந்து* இருக்கிறது. குதிரை நினைத்ததைவிட முன்னாலேயே தரை வந்து காலில் முட்டும்.

அப்ப பெச்சர்ஸ் புரூக்குக்கு மட்டும் ஏன் அவ்வளவு பேரு? அது சேரைவிடச் சின்னதுதானே?

சின்னதுதான், 4 அடி 10 அங்குலம். ஆனால் சேருக்கு நேர் எதிர்: இறங்கும் பக்கம் தரை தாழ்ந்திருக்கும். மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருப்பது தெரியாமல் காலை வைத்தால் வயிறு ஒரு நொடி தூக்கிப் போடுமே, அதையே 500 கிலோ உடம்போடு, பாய்ச்சலில், முதுகில் ஓர் ஆளையும் வைத்துக்கொண்டு செய்வதாக நினைத்துப் பாருங்கள். முன்னங்கால் தரையைத் தேடும். கிடைக்கவில்லை என்றால் மூக்கு முதலில் போகும்.

பெயர் கேப்டன் பெச்சருடையது. 1839-ல் அங்கே விழுந்து, மற்ற குதிரைகள் மேலே போய் முடியும் வரை ஓடைக்குள்ளேயே படுத்திருந்தாராம். பல காலம் அந்த இறக்கம் ஓடையை நோக்கிச் சரிவாகவே இருந்தது. விழுந்த குதிரை பின்னோக்கி உருண்டுவிடும். 1989-ல் அங்கே இரண்டு குதிரைகள் இறந்தபின் ஓடையின் அடிமட்டத்தை உயர்த்தி, சரிவை நிரப்பினார்கள். 2011 ரேஸுக்குப் பிறகு இன்னும் சில அங்குலம் சமப்படுத்தினார்கள். இப்போது மிச்சமிருக்கும் இறக்கம் 6 முதல் 10 அங்குலம், உட்பக்கம் அதிகம், வெளிப்பக்கம் குறைவு. அனுபவமுள்ள ஜாக்கி அங்கே வெளிப்பக்கமாகப் போவதைக் கவனியுங்கள். தூரம் கூடினாலும் பரவாயில்லை என்று போவார்.

ஓடையில தண்ணி இருக்கா?

கொஞ்சம். நம் வீட்டு வாசல் கால்வாயில் மழை விட்ட மறுநாள் இருக்குமே, அந்த மாதிரி.

வேலியைக் குறைச்சா விழுறதும் குறைஞ்சுடும்தானே? இதுல என்ன யோசனை?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. எல்லோரும் தப்பாகப் பதில் வைத்திருக்கும் கேள்வியும் இதுதான்.

வேலியைச் சின்னதாக்கினால் குதிரைக்கு பயம் போய்விடும், ஜாக்கிக்கும் போய்விடும். பயம் போனால் வேகம் வரும். பெரிய வேலியைப் பார்த்தால் குதிரை தானாகவே அடியைச் சுருக்கி, பின்னங்காலை உள்ளே கொண்டுவந்து உட்கார்ந்து எழும்பும். சின்ன வேலியைப் பார்த்தால் ஹர்டிலைப் போலத் தட்டிவிட்டுப் போகலாம் என்று நினைக்கும் (மூன்றாவது கேள்வியில் சொன்னேனே, ஆனால் வேலி சாயாது). ஒரே தடை, அதிக வேகம், சோம்பல் தாவல். அடி பலமாகத்தான் விழும். நம் ரோட்டில் மேடு பள்ளத்தைச் சரி செய்தபிறகு பஸ்காரர் எப்படி ஓட்டுகிறார் பார்த்தீர்களா, அப்படி.

அதனால்தான் வேலி போடுகிறவர்கள் உயரத்தைக் குறைப்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. 1961-ல் ஐன்ட்ரீ வேலிகளின் முன்பக்கத்தில் சரிவாகக் கிளைகளை அடுக்கினார்கள். செங்குத்தாக இருந்தவரை எங்கே எழும்புவது என்று குதிரைக்குப் பிடிபடவில்லை, சரிவு வந்ததும் பிடிபட்டது. உயரம் மாறவில்லை. 2013-ல் ரேஸ் தொடங்கும் இடத்தைக் கூட்டத்தின் இரைச்சலிலிருந்து தள்ளி, முதல் வேலிக்குப் பக்கமாகக் கொண்டுபோனார்கள். 2024-ல் முதல் வேலியையே இன்னும் 60 கஜம், சுமார் 55 மீட்டர், தொடக்கத்துக்குப் பக்கமாக நகர்த்தினார்கள். ஓடி வேகம் பிடிப்பதற்கு முன்பே முதல் வேலி வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் யோசனை. என்னைக் கேட்டால் இந்த இரண்டு மாற்றமும் ஓர் அங்குலம்கூட உயரத்தைக் குறைக்காமல் செய்த நல்ல வேலை.

இடத்தை மாத்தினா வேலி மாறிடுமா? அதே வேலிதானே?

மாறிவிடும். செல்டனம் மைதானத்தில் கடைசிக்கு முந்தின வேலி ஓர் இறக்கத்தில் இருந்தது. இறக்கத்தில் குதிரையின் எடை முன்னங்காலில் விழும், அதுவும் ரேஸின் வேகம் ஏறும் நேரம். நல்ல நல்ல குதிரையெல்லாம் அங்கே மண்ணைக் கவ்வியது. 2010-ல் அதை எடுத்து கடைசி நேர்ப்பாதையில் வைத்தார்கள்.

ஐன்ட்ரீயில் கால்வாய்த் திருப்பம் என்று ஒன்று உண்டு. வேலி சாதாரணம், தாண்டியவுடன் இடதுபக்கம் ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்ப வேண்டும். சில ஜாக்கிகள் காற்றில் இருக்கும்போதே திருப்ப ஆரம்பித்துவிடுவார்கள். முன்பு அந்த வேலிக்குப் பள்ளமும் இருந்தது. 1928-ல் ஈஸ்டர் ஹீரோ என்ற குதிரை அங்கே சிக்கி வழியை மறித்ததில் பாதி ரேஸ் அங்கேயே முடிந்தது. 42 குதிரைகள் புறப்பட்டதில் இரண்டுதான் முடிவுக்கு வந்தன. அதன்பிறகு அந்தப் பள்ளத்தை மூடிவிட்டார்கள்.

குதிரைக்கு வேலி நமக்குத் தெரியிற மாதிரியே தெரியுமா?

தெரியாது. லாயத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இது எனக்குப் பிடித்த கேள்வி. குதிரைக்குக் கண் பக்கவாட்டில். நெற்றிக்கு நேர் முன்னால் மிக அருகில் இருப்பது அதற்குத் தெரியாது. குதிரைக்கு நேர் முன்னால் நின்று திடீரென்று கையை நீட்டிப் பாருங்கள், தலையை உதறும். வேலியைத் தாண்டும் கடைசி நொடியில் அது வேலியைப் பார்ப்பதில்லை, கொஞ்சம் முன்னால் பார்த்ததை நம்பித்தான் எழும்புகிறது. அதனால்தான் தூரத்திலிருந்தே வேலி பளிச்சென்று தெரிய வேண்டும்.

நிறமும் வேறு. சிவப்பு, பச்சை வித்தியாசம் குதிரைக்கு நம்மைப் போல இல்லை. பல காலமாக வேலியின் அடியில் ஆரஞ்சு நிறப் பலகை வைத்திருந்தார்கள். மனிதன் கண்ணுக்கு அது எடுப்பு, குதிரைக்கோ புல்லோடு புல்லாகக் கலந்து போகும். எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்து சொன்ன பிறகு, 2022-லிருந்து பிரிட்டன் மைதானங்களில் ஆரஞ்சை எடுத்துவிட்டு வெள்ளை அடித்தார்கள். இத்தனை வருஷம் யாருடைய கண்ணுக்காக அந்தப் பெயிண்ட் அடித்தோம் என்று யாருக்கும் தோன்றவில்லை, பாருங்கள்.

குளிர்காலத்தில் சாயங்கால வெயில் தாழ்ந்து நேராகக் கண்ணில் அடிக்கும் நாளில் சில வேலிகளை அந்த ரேஸுக்கு விட்டுவிடுவதும் உண்டு. நம் ஊர் வெயிலில் பழகியவர்களுக்கு அது விளங்காது.

1967-ல எல்லாக் குதிரையும் ஒரே இடத்துல நின்னுடுச்சாமே, அது எந்தப் பெரிய வேலி?

இருப்பதிலேயே சின்னதுகளில் ஒன்று, நாலரை அடி. இரண்டாவது சுற்றில், பெச்சர்ஸுக்கு அடுத்தது. ஜாக்கியை இழந்து தனியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு குதிரை வேலிக்கு முன் குறுக்கே திரும்பியது. பின்னால் வந்தவை அதில் முட்ட, அதற்குப் பின்னால் வந்தவை இவற்றில் முட்ட, ஒரே குவியல். ஃபாய்னவன் என்ற குதிரை ரொம்பப் பின்தங்கி வந்ததால் ஜாக்கி ஜான் பக்கிங்ஹாமுக்கு இடைவெளியைப் பார்க்க நேரம் கிடைத்தது. தாண்டிப் போனார், ஜெயித்தார். ஒன்றுக்கு நூறு. இப்போது அந்த வேலிக்கே ஃபாய்னவன் என்று பெயர்.

2024-லிருந்து அதிகபட்சம் 34 குதிரைதான், முன்பு 40. கூட்டம் குறைந்தால் இந்த மாதிரிக் குவியலும் குறையும். வேலியின் சிரமத்தில் பக்கத்தில் ஓடுகிறவனுக்கும் பங்கு உண்டு.

ரெண்டாவது சுத்துல அதே வேலி கஷ்டமா, சுலபமா?

இரண்டும். முதல் சுற்றில் முப்பது குதிரைகளின் வயிறு உரசி மேலே உள்ள ஸ்ப்ரூஸ் கலைந்து, அங்கங்கே பல் விழுந்த வாய் மாதிரி பள்ளமாகியிருக்கும். ஜாக்கி அந்த இடைவெளியைப் பார்த்து ஓட்டுவார். ஆனால் குதிரைக்கு மூச்சு வாங்கும், தரை சேறாகியிருந்தால் கால் கனக்கும். பள்ளமான இடத்திலேயே நாலு பேர் போகப் பார்த்தால் இடி வேறு.

சில வேலியைச் சுத்திப் போனாங்களே, அது ஏமாத்து இல்லையா? என் காசு என்னாகும்?

வேலிக்குப் பக்கத்தில் அடிபட்ட ஜாக்கியோ குதிரையோ கிடந்தால் கொடி காட்டி எல்லோரையும் சுற்றிப் போகச் சொல்வார்கள். அது விதிப்படிதான். 2011 கிராண்ட் நேஷனலில் இரண்டாவது சுற்றில் இரண்டு வேலிகளை அப்படி விட்டார்கள், ஒன்று பெச்சர்ஸ். அன்றைக்குத் தாண்டியது 28 தடவைதான், முடிவு செல்லும். கொடி இல்லாமல் தானாகச் சுற்றிப் போன குதிரைக்கு இடமில்லை, உங்கள் காசும் போச்சு. குதிரை விழாமல் ஜாக்கி மட்டும் கீழே விழுந்தாலும் கதை அதேதான். அந்தக் காலத்தில் மறுபடி ஏறி ஓட்டி முடிக்கலாம். 2009-லிருந்து பிரிட்டனில் அதுவும் கூடாது.

பிரெஞ்சு சேனல்ல பார்த்தா குதிரை வேலிக்குள்ளயே பூந்து போகுதே?

அது பாரிஸின் ஓட்டாய் மைதானம், 1873-ல் திறந்தது. அங்கே பல தடைகள் உயிருள்ள செடிவேலி. அடிப்பாகம் கெட்டி, மேற்பாகம் மென்மை. மேலே உள்ளதை உரசிக்கொண்டு போவதுதான் முறை. பழகாத இங்கிலாந்துக் குதிரை முழு உயரத்துக்கும் எழும்பி வீணாகக் களைத்துப்போகும். மே மாதம் நடக்கும் பெரிய ரேஸ் 6,000 மீட்டர், 23 தடைகள்.

இதைவிட முரட்டுத்தனம் வேண்டுமென்றால் செக் நாட்டில் பார்துபிட்சே ஊர் ரேஸ், அக்டோபரில். டாக்சிஸ் என்ற தடையில் பெரிய புதருக்கு அப்பால் நாலு மீட்டர் அகலப் பள்ளம் இருக்கும், எழும்பும்போது குதிரைக்கு அது தெரியாது. அதையும் 1994-ல் ஆழம் குறைத்துச் சரிசெய்தார்கள்.

இங்கிலாந்து ராஜமாதா குதிரை எந்த வேலியில விழுந்தது?

இது வயசானவர்கள் சிறுசுகளை மடக்கக் கேட்பது. பதில்: எந்த வேலியிலும் இல்லை. 1956-ல் டெவன் லாக் முப்பதையும் தாண்டிவிட்டது. முன்னால் யாரும் இல்லை, முடிவுக்கோடு கண்ணெதிரே. திடீரென்று முன்னங்கால் இரண்டும் விரிய வயிற்றில் விழுந்தது. பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தடையின் நிழலைப் பார்த்து எழும்பப் போனது என்பார் சிலர், கூட்டத்தின் கூச்சலில் மிரண்டது என்பார் சிலர். அந்தத் தடை முதல் சுற்றுக்கு மட்டும் என்று மேலே சொன்னேன். அது குதிரைக்குத் தெரியுமா?

இப்படியே மாத்திட்டுப் போனா பழைய நேஷனல் எங்க இருக்கு? இது வெறும் நீள ரேஸ் ஆயிடுச்சுன்னு எங்க சித்தப்பா சொல்றாரு.

சித்தப்பா சொல்வதில் பாதி நியாயம் உண்டு. 2024-ல் 32 குதிரைகள் ஓடி ஒன்றுகூட விழவில்லை. ஜாக்கி சிலர் தவறினார்கள், 21 குதிரைகள் முடித்தன. அன்றைக்குக் கடையில் ஒருவர், "இதுக்குத்தான் ஏழு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேனா?" என்று எழுந்து போனார். நான் அவரிடம் கேட்டேன்: ரெட் ரம் என்ற குதிரை 1973, 1974, 1977 என்று மூன்று தடவை ஜெயித்ததைப் பற்றிப் பேசும்போது அது தாண்டிய அழகைச் சொல்கிறீர்களா, பக்கத்தில் எத்தனை விழுந்தது என்று எண்ணுகிறீர்களா? பதில் சொல்லவில்லை, ஆனால் திரும்பி உட்கார்ந்தார்.

தம்பி, வாயில்லா ஜீவன் செத்துப்போகுது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற நீங்க இதைப் பார்க்கலாமா?

என் பெரியம்மா கேட்டது. அவருக்கு நான் மழுப்பவில்லை. வேலியை எவ்வளவு திருத்தினாலும் ஆபத்து முழுதாகப் போகாது. 2012-ல் செல்டனம் தங்கக் கோப்பை ஜெயித்த சின்க்ரனைஸ்டு என்ற குதிரை அடுத்த மாதமே ஐன்ட்ரீயில் செத்தது. லாயத்தில் என் கையால் தீனி வைத்த ஒரு குதிரையை, வேலியே இல்லாத நம் மைதானத்தில், கால் முறிந்து பறிகொடுத்திருக்கிறேன். அன்று அதன் வாளியைக் கழுவி வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் பார்க்கக் கூடாது என்று சொல்பவரிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. நான் பார்க்கிறேன், ரேஸ் முடிந்ததும் முதலில் எத்தனை குதிரை தன் காலில் திரும்பியது என்று கேட்கிறேன். பெரியம்மா அந்தச் சனிக்கிழமை மட்டும் கடைப்பக்கம் வரமாட்டார்.

சரி, எந்தக் குதிரைக்குக் கட்டலாம்?

அது தெரிந்தால் நான் ஏன் மச்சான் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்? ரேஸ் அங்கே நாலு மணிக்கு, நமக்கு ராத்திரி ஏழு. ஆறரைக்கே வந்துவிடுங்கள், அப்புறம் வந்தால் காத்தோ பிமானும் (நம் மிளகாய் வடைதான்) தீர்ந்துவிடும், டிவிக்கு முன்னால் இடமும் இருக்காது.